இருபது வளைவுகளுக்கு மேலே ஒரு மாரடைப்பு: ஊசியா, ஸ்டென்டா?

ஏற்காட்டில் மார்கழி மாதம் விடிகாலையில் யாருக்கும் வியர்க்காது. அடுப்படியில் உட்கார்ந்திருந்தாலும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்கிற குளிர். அப்படி ஒரு விடிகாலை 5.20 மணிக்கு, காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்க்கும் 54 வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். மனைவி முதுகைத் தடவிவிடப் போனபோது பனியன் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. பிறகு மனைவி என்னிடம் இரண்டு மூன்று முறை சொன்னது அதைத்தான்: "வலிங்கறது எல்லாருக்கும் வரும் சார். இந்தக் குளிர்ல பனியன் நனையுமுங்களா?"

நான் மலைமேல் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் பொது மருத்துவர். ஈசிஜி எடுக்கலாம், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம், ஆஞ்சியோ (ரத்தக்குழாய்க்குள் சாயம் செலுத்திப் படம் எடுப்பது) செய்யும் கேத் லேப் வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும். மாரடைப்பில் அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி. இன்னொன்று ஆஞ்சியோபிளாஸ்டி: மெல்லிய வயரையும் பலூனையும் குழாய்க்குள் செலுத்தி அடைப்பை விலக்கி, ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பது. எங்கள் கைக்கு எட்டுவது அவற்றில் ஊசி ஒன்றுதான். அந்த ஒன்றை எப்போது எடுப்பது, எடுத்தபின் என்ன செய்வது என்பதைத்தான் இந்த நோயாளியின் நிமிடக் கணக்கை வைத்து எழுதுகிறேன். அவரும் குடும்பத்தாரும் எழுதச் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்களிடம் வருவதற்கு முன்

வலி நெஞ்சின் நடுவில் தொடங்கி இடது தோளுக்குப் போனது. மிளகு மூட்டையை நெஞ்சில் இறக்கி வைத்ததுபோல் இருந்தது என்றார். வீட்டில் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். ஒருமுறை வாந்தி. அதனால் "கேஸ்" என்று முடிவாகிவிட்டது. 6.35 மணிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே இடுப்பில் ஓர் ஊசி, கையில் நான்கு மாத்திரை. ஈசிஜி எடுக்கவில்லை. 7.05க்கு வீடு திரும்பினார்கள். வலி சற்றே மட்டுப்பட்டது. 7.40க்கு முன்னைவிடக் கடுமையாக வந்தது. இந்த முறை தோட்டத்துப் பிக்கப் வண்டியில் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கிளினிக்கில் பார்த்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதை எழுதவில்லை. அங்கே ஈசிஜி கருவியே இல்லை. ஆனால் கணக்கைச் சொல்லியாக வேண்டும். 6.35க்கு அவரை நேராக எங்களிடம் அனுப்பியிருந்தால் 7.15க்குள் ஊசி போட்டிருப்போம். வலி தொடங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. உண்மையில் போட்டது 8.25க்கு. எழுபது நிமிடங்கள் போயின. மாரடைப்பு ஆராய்ச்சியில் மிகப் பழைய, மிக உறுதியான பாடம் இந்த எழுபது நிமிடங்களைப் பற்றியதுதான். ஊசியால் காப்பாற்றப்படும் உயிர்கள் எத்தனை என்று பல ஆய்வுகளைச் சேர்த்து 1996ல் கணக்கிட்டார்கள். வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் போட்டால் ஆயிரம் பேரில் 65 உயிர்கள். இரண்டாம் மணி நேரத்தில் போட்டால் 37. மூன்றாம் மணி நேரத்தில் 26. மருந்து அதே மருந்துதான்.

ஏன் இப்படி? ரத்தக்குழாய் அடைபட்டதும் அது ஊட்டிய தசை முழுவதும் ஒரே நொடியில் செத்துவிடுவதில்லை. உட்பக்கச் சுவரில் தொடங்கி வெளிப்பக்கம் நோக்கி அலைபோல் சாவு பரவுகிறது. 1977ல் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயத்தில் இதைக் காட்டினார்கள். 40 நிமிடத்தில் அடைப்பை எடுத்தால் பெரும்பகுதி தசை மிஞ்சியது; ஆறு மணி நேரமானால் மிஞ்ச அதிகம் இல்லை. இன்னொன்று, ரத்தக் கட்டியும் நேரம் ஆக ஆக இறுகுகிறது. ஒரு மணி நேரக் கட்டி தயிர்போல. நாலைந்து மணி நேரக் கட்டியில் நார்கள் பின்னிக்கொண்டுவிடுகின்றன. ஊசி மருந்து அதைக் கரைக்கத் திணறுகிறது. பலூனுக்கு அந்தத் திணறல் அவ்வளவாக இல்லை. வயர் உள்ளே போனால் புதுக் கட்டியையும் விலக்கும், பழைய கட்டியையும் விலக்கும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

8.08 முதல் 8.25 வரை

8.08க்கு வந்தார். 8.12க்கு ஈசிஜி கையில். இதயத்தின் அடிச்சுவரைக் காட்டும் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் ஆகிய மூன்று பதிவுகளிலும் எஸ்.டி. கோடு (குழாய் அடைபட்டால் உயரும் ஈசிஜிப் பகுதி) மேலே தூக்கியிருந்தது; மூன்றாவதில் மூன்றரை மி.மீ. எதிர்த்திசைப் பதிவுகளில் அதே அளவுக்குப் பள்ளம். இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு. நாடித்துடிப்பு 46. பிரஷர் 90க்கு 60. கைகால் சில்லிட்டிருந்தது.

கூட வந்தவர்களில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த சார்பிட்ரேட். நல்லெண்ணத்தில்தான். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அடிச்சுவர் மாரடைப்பில் மார்பின் வலப்பக்கமும் ஒரு பதிவு எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்தோம்; அங்கும் எஸ்.டி. ஒன்றரை மி.மீ. உயர்ந்திருந்தது. வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த அறை தளர்ந்திருக்கும்போது, உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தத்தின் அழுத்தத்தை நம்பித்தான் இதயம் ஓடுகிறது. சார்பிட்ரேட் ரத்தநாளங்களைத் தளர்த்தி அந்த வரத்தைக் குறைத்துவிடும். 90 இருந்த பிரஷர் 60க்கு இறங்கியிருக்கலாம். மாறாக, நாங்கள் சலைன் ஏற்றினோம். துடிப்பைக் கூட்ட அட்ரோபின் 0.6 மி.கி. கொடுத்தோம். வீட்டில் இந்த மாத்திரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்னொருவர் வாயில் வைக்காதீர்கள்.

8.14க்கு 108க்குப் போன் செய்தோம். ஈசிஜியைப் படம் எடுத்துச் சேலத்தில் உள்ள இதயநோய் மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அடுத்த நிமிடமே அவர் கூப்பிட்டார்.

"வலி எப்ப ஆரம்பிச்சது?"

"அஞ்சு இருபதுக்கு சார். மூணு மணி நேரம் ஆகப் போகுது."

"மூணு மணி நேரம்னா இழுபறி. வலது பக்கமும் அடிச்சிருக்கு. கொண்டுவந்துட்டா நேராத் திறந்துடலாம். எவ்வளவு நேரத்துல கீழ இருப்பீங்க?"

இந்தக் கேள்விக்கு ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் "முக்கால் மணி நேரம்" என்பார்கள். காரில் சுற்றுலா வந்தவர் இறங்கும் நேரம் அது. நான் சத்தமாகக் கூட்டிச் சொன்னேன். 108 வேறு ஒருவரை இறக்கப் போயிருக்கிறது, வர 25 நிமிடம். படுத்திருக்கும் நோயாளியோடு, பனியில், 20 வளைவு இறங்க 55. அடிவாரத்திலிருந்து ஊருக்குள் அந்த நேரத்து நெரிசலில் 25. வாசலில் இறக்கியதிலிருந்து அடைப்புக்குள் வயர் போகும்வரை, எல்லாரும் தயாராக இருந்தாலும், 40. மொத்தம் 145 நிமிடம்.

மறுமுனையில் சிறு மௌனம். "அப்ப போட்டுடுங்க. போட்ட கையோட அனுப்புங்க. காத்திருக்காதீங்க."

ஐரோப்பிய வழிகாட்டி நெறி சொல்லும் எல்லை 120 நிமிடம். ஈசிஜியில் மாரடைப்பு உறுதியான நிமிடத்திலிருந்து அடைப்பை வயர் கடக்கும் நிமிடம்வரை 120க்குள் முடியும் என்றால் நேரடி ஆஞ்சியோபிளாஸ்டி. முடியாதென்றால், தடை ஏதும் இல்லாதபோது, பத்து நிமிடத்துக்குள் ஊசி. இந்த எல்லையைப் பல மருத்துவர்கள் "ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. வாசலில் போய் நிற்பதால் ரத்தம் ஓடிவிடாது.

ஊசிக்கு முன் கேட்டாக வேண்டிய கேள்விகள் உண்டு. எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு? ஆறு மாதத்துக்குள் பக்கவாதம்? அண்மையில் தலையில் அடி, பெரிய அறுவை சிகிச்சை? மலத்தில் ரத்தம்? முதுகைக் கிழிப்பதுபோன்ற வலி? (அப்படியிருந்தால் பெருந்தமனியே கிழிந்திருக்கலாம், அங்கே இந்த ஊசி கொன்றுவிடும்.) எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்கள். மகன் மட்டும் என்னைத் தனியே அழைத்தான்.

"இந்த ஊசி போட்டா மூளையில ரத்தம் கசியுமாமே சார்?"

"நூறு பேருக்குப் போட்டா ஏறக்குறைய ஒருத்தருக்கு அந்த ஆபத்து இருக்குப்பா. போடாம இருந்தா உங்கப்பாவோட இதயத்துல அடைபட்ட பகுதி முழுசும் இன்னும் ரெண்டு மணி நேரத்துல போயிடும். அங்க போய்ச் சேர்றதுக்கே அவ்வளவு நேரம் ஆகும்."

கொஞ்சம் யோசித்தான். "போட்டுருங்க சார்."

நாங்கள் வைத்திருப்பது டெனெக்டிபிளேஸ். ஐந்து பத்து விநாடியில் ஒரே அழுத்தில் ஏறிவிடும். எடைக்கேற்ற அளவு: 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி., அதற்குமேல் பத்துப் பத்துக் கிலோவுக்கு ஐந்து ஐந்து மி.கி. கூடி, 90 கிலோவில் 50 மி.கி. அவரை நிற்கவைத்து எடைபார்க்க முடியாது. "என்ன எடை இருப்பார்?" என்றால் யாருக்கும் தெரியவில்லை. பிக்கப் ஓட்டிவந்தவர்தான் சொன்னார்: "அம்பத்தெட்டுங்க. போன வாரம் காப்பி எடை போடற தராசுல விளையாட்டா ஏறி நின்னாருங்க." அந்தத் தராசை நம்பி 30 மி.கி. போட்டோம். கூடவே கட்டி பெருகாமலிருக்க ஆஸ்பிரின் 300, குளோபிடோக்ரல் 300, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 80. ரத்தம் மீண்டும் உறையாமலிருக்க எனாக்ஸாபாரின் நரம்பில் 30, தோலுக்கு அடியில் 60. மணி 8.25. ஈசிஜியிலிருந்து 13 நிமிடம். பத்து என்பது இலக்கு. மூன்று நிமிடம் பிந்தினோம். இப்போது அவசரப் பிரிவுக் கட்டிலுக்கு அடியில் படுத்தபடியே எடை காட்டும் கருவி வைத்திருக்கிறோம்.

கட்டியைக் கரைக்கும் இன்னொரு மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸை ஏன் போடவில்லை என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றிய மருந்து அது. 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரத்துக்குள் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். 1988ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 பேர். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் இல்லாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் 13.2 சதவீதம். ஸ்ட்ரெப்டோகைனேஸோடு அரை மாத்திரை ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 8 சதவீதம். அதன் பெருமை யாராலும் குறைக்க முடியாதது. ஆனால் அது ஏறும்போது பிரஷர் இறங்கும். ஏற்கெனவே 90ல் நிற்பவருக்கு அது ஆகாது. ஒருமுறை போட்டவருக்கு மறுபடி போட முடியாது, எதிர்ப்பொருள் உருவாகிவிடும். விலை மட்டும் பல மடங்கு குறைவு. டெனெக்டிபிளேஸ் இல்லாத இடத்தில் அது இல்லையே என்று காத்திருப்பதைவிட, இருக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸை உடனே தொடங்குவதே சரி.

வளைவுகளில்

8.41க்கு 108 வந்தது. வண்டியில் ஏற்றும்போது, 8.46க்கு, மானிட்டரில் துடிப்பின் வடிவம் சட்டென்று மாறியது. அகலமான, விகாரமான துடிப்புகள் நிமிடத்துக்கு 80. புதிதாகச் சேர்ந்த செவிலியர் முகம் வெளுத்துவிட்டது. "சிஸ்டர், பயப்படாதீங்க. ரத்தம் திறந்து ஓட ஆரம்பிச்சா இப்படி வரும். பல்ஸைப் பிடிச்சுப் பாருங்க." பல்ஸ் நன்றாக இருந்தது. ஒன்றரை நிமிடத்தில் தானாகச் சரியானது. அந்த மேஸ்திரி கண்ணைத் திறந்து, "மூட்டையை யாரோ தூக்கிட்டாங்க" என்றார். பத்துக்கு ஒன்பதாக இருந்த வலி மூன்றாக இறங்கியிருந்தது.

8.52க்கு வண்டி கிளம்பியது. எங்கள் கையடக்க ஈசிஜி பெட்டியோடு ஒரு செவிலியரைக் கூட அனுப்பினோம். வளைவுகளில் ஈசிஜி எடுத்தால் கோடெல்லாம் அலையாகத்தான் வரும். அதனால் அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி எடுக்கச் சொல்லியிருந்தேன். 9.45க்கு, ஊசி போட்ட எண்பதாவது நிமிடம், எடுத்து அனுப்பினார். மூன்றரை மி.மீ. இருந்த உயரம் ஒன்றாகக் குறைந்திருந்தது. ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்துக்குள் பாதிக்குமேல் இறங்கினால் குழாய் திறந்துகொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பிரஷர் 104க்கு 70. சேலத்தில் மருத்துவமனை வாசலில் 10.14.

இங்கே கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊசி போடாமல் நேரே அனுப்பியிருந்தாலும் வண்டி 8.45க்கு முன் கிளம்பியிருக்காது. வயர் உள்ளே போகும்போது 10.45 ஆகியிருக்கும்: ஈசிஜியிலிருந்து 153 நிமிடம், வலி தொடங்கி ஐந்தரை மணி நேரம். நான் 145 என்று சொன்னதே குறைவு. ஊசியால் அவருடைய குழாய் திறந்தது ஏறக்குறைய 8.46க்கு. இடையே இரண்டு மணி நேரத் தசை.

குழாய் திறந்துவிட்டதால் கீழே அவசரப்படவில்லை. உடனே பலூன் வைத்தால் மருந்தின் வேகம் இருக்கும்போதே ரத்தக்கசிவு கூடும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, 24 மணி நேரத்துக்குள் என்பதுதான் ஒழுங்கு. அன்று மாலை 4.15க்கு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ. வலது ரத்தக்குழாயின் நடுவில் 80 சதவீத அடைப்பு, கொஞ்சம் மிச்சக் கட்டி, அதற்கப்பால் முழு வேகத்தில் ரத்தம். ஒரு ஸ்டென்ட். இடப்பக்கக் குழாயில் 40 சதவீதம் இருந்தது, அதைத் தொடவில்லை. மறுநாள் எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயத்தின் பம்ப் திறன் 52 சதவீதம். செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போயிற்று.

சிக்கல் ஒன்று வந்தது. கிளினிக்கில் இடுப்பில் போட்ட ஊசி இருக்கிறதே, அந்த இடத்தில் ரத்தம் கட்டி உள்ளங்கை அளவுக்குக் கறுத்து வீங்கியது. கட்டியைக் கரைக்கும் மருந்து இதயத்துக் கட்டி எது, இடுப்புத் தசையில் குத்திய துளையை அடைத்திருக்கும் கட்டி எது என்று பார்க்காது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்குத் தசையில் ஊசி போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஐந்து நாள் கழித்து வற்றத் தொடங்கியது.

அதே வாரம், கீழே

அந்த இதயநோய் மருத்துவர் அதே வாரத்தில் பார்த்த இன்னொருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் ஊசிக்கு வக்காலத்து வாங்குவதுபோல் ஆகிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்ப்பவர், 61 வயது. வலி வந்த 35ஆவது நிமிடம் ஆட்டோவில் மருத்துவமனை வாசலில் இறங்கினார். இதயத்தின் முன்சுவரில் பெரிய மாரடைப்பு. நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து தேறியவர். அவருக்கு ஊசி போட்டிருந்தால் மூளையில் ரத்தம் கசிந்திருக்கலாம். வாசலில் இறங்கிய 58ஆவது நிமிடம் வயர் உள்ளே போனது. நான்காம் நாள் வீட்டுக்கு நடந்துபோனார்.

கேத் லேப் பக்கத்தில் இருந்தால் ஆஞ்சியோபிளாஸ்டிதான் சிறந்தது. இதில் எனக்கு ஐயமே இல்லை. 2003ல் 23 ஆய்வுகளை, 7,739 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குறுகிய கால மரணம் ஊசியில் 9 சதவீதம், ஆஞ்சியோபிளாஸ்டியில் 7. மறுபடி மாரடைப்பு ஊசியில் 7, இதில் 3. பக்கவாதம் 2க்கு 1. இந்த எண்களைப் பார்த்துவிட்டுத்தான் "ஊசியெல்லாம் பழைய காலம்" என்ற எண்ணம் நகரங்களில் பரவியது. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் ஊசி போட்டுவிட்டு நோயாளியை வார்டிலேயே வைத்திருந்தார்கள். ஊசி போட்டு, உடனே கீழே அனுப்பி, ஒரு நாளைக்குள் ஆஞ்சியோ செய்வது வேறு சிகிச்சை. அதை நேரடி ஆஞ்சியோபிளாஸ்டியோடு ஒப்பிட்டது 2013ல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வு. வலி வந்து மூன்று மணி நேரத்துக்குள் வந்த, ஒரு மணி நேரத்துக்குள் கேத் லேப் கிடைக்காத 1,892 பேர். வலி தொடங்கி ஊசி ஏற ஆன நேரம் சராசரியாக 100 நிமிடம். பலூன் தரப்பில் 178. மரணம், பிரஷர் விழுந்துவிடும் அதிர்ச்சி நிலை (ஷாக்), இதயச் செயலிழப்பு, மறுபடி மாரடைப்பு எல்லாம் சேர்த்து முப்பது நாளில் ஊசித் தரப்பில் 12.4 சதவீதம், ஆஞ்சியோபிளாஸ்டித் தரப்பில் 14.3. வேறுபாடு என்று சொல்ல முடியாத அளவு. மூளைக் கசிவு மட்டும் ஊசியில் 1 சதவீதம், மற்றதில் 0.2. எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு அளவைப் பாதியாக்கிய பின் அந்த ஆபத்து குறைந்தது. மகனிடம் "நூற்றில் ஒருவர்" என்று நான் சொன்னது இங்கிருந்துதான்.

நம் மேஸ்திரி, ஊசி ஏறுவதற்குள், அந்த மூன்று மணி நேரக் கோட்டை ஐந்து நிமிடம் தாண்டியவர். அதனால்தான் மறுமுனையில் அந்த மௌனம். கோட்டுக்கு அந்தப் பக்கம் போகப் போக ஊசியின் பலம் குறைந்து, பலூனின் தேவை கூடுகிறது. 145 என்று வந்த கூட்டல் 90 என்று வந்திருந்தால், போடாமலே அனுப்பியிருப்பேன்.

நான் காத்திருந்த நாள்

அதே ஸ்ட்ரீம் ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. ஊசி போட்டவர்களில் 36 சதவீதத்தினருக்குக் குழாய் சரியாகத் திறக்காமலோ வேறு சிக்கலாலோ அவசரமாக ஆஞ்சியோ செய்ய வேண்டிவந்தது. மூன்றில் ஒருவருக்குமேல்.

சில ஆண்டுகளுக்கு முன் 63 வயது அம்மா ஒருவர் வந்தார். சுகர் இருந்தது. நெஞ்சு வலிக்கவில்லை, தாடை வலி, மூச்சு வாங்கல். சுகர் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இப்படி வருவது உண்டு. பல் வலி என்று நினைத்திருந்து ஆறு மணி நேரம் கழித்து வந்திருந்தார். முன்சுவர் மாரடைப்பு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினேன். தொண்ணூறாவது நிமிடம் எடுத்த ஈசிஜியில் எஸ்.டி. கோடு ஏறக்குறைய அப்படியே நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு ஈசிஜி. பிறகு கீழே போன், பிறகு உறவினர்களைக் கூட்டிப் பேசியது, பிறகு வண்டி. அவர் கேத் லேபுக்குப் போனபோது ஊசி தொடங்கி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. குழாயைத் திறந்தார்கள். தசை மிஞ்சவில்லை. பம்ப் திறன் 30 சதவீதத்தில் நின்றுவிட்டது. எட்டு மாதம் மூச்சிரைப்போடு வந்து வந்து போனார். ஒவ்வொரு முறையும் "உங்க கைராசிதான் என்னைக் காப்பாத்துச்சு" என்பார். பிறகு போய்ச் சேர்ந்தார்.

என் கையில் அன்று இருந்தது நல்ல மருந்து. தவறு மருந்தில் இல்லை, போட்ட பிறகு நான் காத்திருந்ததில் இருந்தது. ஊசி வேலை செய்யாதவர்களை என்ன செய்வது என்று 2005லேயே ரியாக்ட் ஆய்வு காட்டியிருந்தது. 427 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். உடனே ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்பியவர்களில் ஆறு மாதத்தில் பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் 84.6 சதவீதம். மறுபடி ஊசி போட்டவர்களில் 68.7, மருந்தோடு வைத்துப் பார்த்தவர்களில் 70.1. எனக்கு அது தெரிந்தும் இருந்தது. ஆனால் மலைமேல் இருந்துகொண்டு, தோல்வி உறுதியான பிறகு வண்டிக்குச் சொன்னால், வண்டி வருவதும் வளைவு இறங்குவதும் சேர்ந்து காலம் கடந்துவிடுகிறது. அதனால் இப்போது ஈசிஜி பார்த்த உடனே, ஊசியை உடைப்பதற்கு முன்பே, 108க்குச் சொல்கிறோம். ஊசி வேலை செய்ததா இல்லையா என்பது அடிவாரத்தில் தெரிந்தால் போதும். வேலை செய்திருந்தால் மாலைவரை பொறுக்கலாம். செய்யாவிட்டால், நோயாளி ஏற்கெனவே பாதிக்குமேல் வந்துவிட்டார்.

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமை. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி முதலியோர் சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள மையங்களையும் ஆம்புலன்ஸால் கோத்து, நான்கு தொகுப்புகளில் 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2017ல் வெளிவந்தது. இந்த இணைப்பு வருவதற்கு முன் ஓராண்டு மரணம் 17.6 சதவீதம், வந்தபின் 14.2. புது மருந்து எதுவும் இல்லை. ஆஞ்சியோவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 35 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 61க்கு உயர்ந்தார்கள், அவ்வளவுதான்.

2023ல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு என்று 14 மாத்திரைகள் முதல் உதவியாகக் கிடைக்கின்றன. மலைக் கிராமங்களுக்கு இது பெரிய காரியம். ஆனால் அந்த மாத்திரை விழுங்கியதும் வலி குறைந்துவிட்டதென்று வீட்டுக்குப் போகிறவர்களையும் பார்க்கிறேன். கட்டி பெருகாமல் மாத்திரை தடுக்கும். முழுதாக அடைபட்ட குழாயைத் திறக்க அதை நம்பியிருக்க முடியாது. அதற்கு ஊசியோ பலூனோ வேண்டும்.

மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் நாட்களும் உண்டு. அப்போது குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்க வேண்டும். அந்த நாட்களில் 145 என்ற கூட்டல் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே மழை தொடங்குமுன் எங்கள் குளிர்பெட்டியில் எத்தனை ஊசி இருக்கிறது, காலாவதித் தேதி என்ன என்று எண்ணிவைக்கும் வேலையை நானே செய்கிறேன்.

ஆறு வாரம் கழித்து

கிளினிக்கில் பார்த்தவரிடம் ஈசிஜி படங்களோடு போய்ப் பேசினேன். நெடுநேரம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வையோடு வரும் எந்த நெஞ்சுவலியையும் ஊசி போடாமல் எங்களிடம் அனுப்புவதாகச் சொன்னார். அதன்பின் இருவரை அனுப்பினார். ஒருவருக்கு ஒன்றுமில்லை, இன்னொருவருக்கு மாரடைப்பு, வலி வந்து ஒரு மணி பத்து நிமிடத்தில் ஊசி ஏறியது.

மேஸ்திரி ஆறு வாரம் கழித்து மனைவியோடு வந்தார். எக்கோவில் 55 சதவீதம். வலது அறை நன்றாகத் தேறிவிட்டது. பீடியை விட்டுவிட்டார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை ஏறலாமா என்று கேட்டார். அதுவரை சமதளத்தில் தினம் அரை மணி நடந்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன். மாத்திரைப் பையை வாங்கி எண்ணினேன். குளோபிடோக்ரல் நான்கு அதிகமாக இருந்தது.

"நாலு நாளு விட்டுட்டனுங்க. காப்பி எடுக்கற சமயம். மறந்துபோச்சுங்க."

புது ஸ்டென்டுக்குள் மீண்டும் கட்டி உறைந்தால் இந்த முறை அடிவாரம் வரைகூடப் போக முடியாமல் போகலாம் என்று அவருக்குச் சொன்னேன். அவர் மனைவி என் கையிலிருந்து பட்டையை வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் காப்பித்தண்ணி வைக்கும்போது அடுப்படியிலேயே தன் கண்ணெதிரில் விழுங்கவைப்பதாகச் சொல்லி, எத்தனை மாதத்துக்கு என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்து விரல்விட்டு எண்ணிக்கொண்டு, பட்டையை முந்தானையில் முடிந்துகொண்டார்.